நாற்காலியோடு வந்த ஹுலிசானி

ஹுலிசானி நெமுகுலா நீதிமன்ற வராந்தாவில் நடந்துகொண்டே சாப்பிடுகிறாள். வலது கையில் எண்ணெய்த் தாளில் சுற்றிய மக்வின்யா. வாசலில் சுடச்சுடப் பொரித்து விற்கும் அந்த மாவு உருண்டை இல்லாமல் அவளுக்குப் பொழுது விடிவதில்லை. இடது அக்குளில் கோப்புக் கட்டு. சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு நொடி நிற்கிறாள்.

"யாரு வரணும்?"

அவ்வளவுதான் கேள்வி. உங்கள் வழக்கு என்ன என்று அவள் கேட்பதே இல்லை. அப்படிக் கேட்டால் சிலர் வாயை மூடிக்கொள்வார்கள், சிலர் பாட்டன் காலத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். யார் வரவேண்டும் என்று கேட்டால் பதில் உடனே வந்துவிடுகிறது. "வக்கீல் வரணும்மா." "என் வீட்டுக்காரன் வரணும், வரமாட்டான்." "மொழிபெயர்க்கிறவர் வரணும்னு சொன்னாங்க." ஒரு கிழவர் மட்டும், "அது தெரியாமத்தானே உக்காந்திருக்கேன்" என்றார். அவர் பக்கத்தில் கோப்புகளை வைத்துவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அவரை அழைத்துப் போய் எழுத்தர் சன்னலில் விட்டுவிட்டுத்தான் திரும்பினாள். கோப்புகளை அதுவரை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அதற்காகப் பின்னால் திட்டு வாங்கினாள்.

குட்டை உருவம், அகல நடை, உடம்புக்குப் பொருந்தாத பெரிய குரல். இரண்டு மணிக்கட்டிலும் செம்பு வளையங்கள். வாசலில் உள்ள சோதனைக் கருவி தினமும் அவளைக் கண்டு அலறுகிறது.

"இன்னிக்கும் கத்தவெச்சிட்டியா?" என்பார் காவலர்.

"என்னைப் பார்த்த சந்தோஷம் அதுக்கு. உங்களுக்குத்தான் அந்தச் சந்தோஷம் இல்ல, அண்ணே."

தொஹோயாண்டு ஊரில், இறைச்சிக்கடைக்கு மேல்மாடியில் உள்ள ஒற்றை அறை அலுவலகம் ஒன்றில் அவள் பயிற்சி வழக்கறிஞர். இந்த ஒரு வரியை எழுத முடிகிற நிலைக்கு அவள் வந்து சேர்ந்தது சாதாரணப் பாடு இல்லை. தென்னாப்பிரிக்காவில் சட்டப் பட்டம் வாங்கினால் மட்டும் போதாது. யாராவது ஒரு வழக்கறிஞர் தன்னிடம் சேர்த்துக்கொண்டு பயிற்சி கொடுத்தால்தான் கறுப்பு அங்கி. சேர்த்துக்கொள்ள ஆள் அகப்படாதவர்கள் பட்டத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, கைபேசிக் கடையிலோ பெட்ரோல் பங்க்கிலோ நிற்கிறார்கள். அவளோடு படித்தவர்களில் பலர் இன்னும் அப்படித்தான் நிற்கிறார்கள்.

ஜோஹானஸ்பர்க்கின் பெரிய சட்ட நிறுவனங்கள் ஆள் எடுக்கும் பருவம், அவள் ஊர் இருக்கும் வெண்டாப் பகுதியில் மாமரங்கள் பூக்கும் சமயத்தில் வருகிறது. அந்த வருடம் ஹுலிசானியும் அறைத்தோழி லுஃபுனோவும் ஒரே இஸ்திரிப் பெட்டியில் சட்டை தேய்த்துக்கொண்டு, இரவுப் பேருந்தில் போய் இறங்கினார்கள். கண்ணாடிக் கட்டடம். மேல்மாடி. நேர்காணல் மேசையில் ஒரு கிண்ணம் நிறையப் புதினா மிட்டாய். எடுக்கலாமா கூடாதா என்பதிலேயே பாதி நேரம் மனம் போய்விட்டது என்று அவளே சொல்கிறாள்.

"படிப்பைத் தவிர உங்களுக்கு எதில் ஈடுபாடு?" என்று கேட்டார்கள். அவளுக்கு முன்னால் போனவர்கள் மலையேற்றம் என்றும் நெடுந்தூர ஓட்டம் என்றும் சொல்லியிருந்தார்கள். ஹுலிசானி உண்மையைச் சொன்னாள்.

"சண்டை பார்க்கப் பிடிக்கும்."

அவர்கள் நிமிர்ந்தார்கள். அவள் விளக்கினாள். பலரை ஏற்றிப் போகும் டாக்ஸி வேன்கள் நிற்கும் நிலையத்தில் இரண்டு பேர் சண்டை போட்டால், ஏற வேண்டிய வேனைக்கூட விட்டுவிட்டு நின்று கேட்பாளாம். முதலில் பேசுகிறவன் சொல்வது எப்போதும் நியாயமாகத்தான் இருக்கும். மற்றவன் சொல்லி முடிக்கும்வரை நின்றால்தான் விஷயம் தெரியுமாம். எதிரே இருந்தவர்கள் சிரித்தார்கள், மிகவும் மரியாதையாக.

"அந்தச் சிரிப்புலயே புரிஞ்சுபோச்சு," என்கிறாள். "நல்லா சாப்பிட்டீங்களான்னு கேட்டு, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புற சிரிப்பு. வெளியில வந்து பார்த்தா கையில ஒரு புதினா மிட்டாய் இருக்கு. எப்ப எடுத்தேன்னே தெரியல."

பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் ஒரே அச்சு. உங்கள் திறமை எங்களைக் கவர்ந்தது, இருப்பினும். இந்த ஆண்டு விண்ணப்பித்தவர்கள் அனைவரும் சிறந்தவர்கள், இருப்பினும். விடுதியில் அவள் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று அவற்றை நீதிபதி குரலிலும், பாதிரியார் குரலிலும், கால்பந்து வர்ணனையாளர் குரலிலும் படித்துக் காட்டுவாள். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். காலையில் பல் தேய்க்கும்போதே கேட்பார்கள்: "ஹுலி, இன்னிக்கு எத்தனை இருப்பினும்?"

லுஃபுனோவுக்கு இடம் கிடைத்த அன்று மட்டும் ஹுலிசானி நாற்காலி மேல் ஏறவில்லை. தோழியைக் கட்டிப்பிடித்து, ஆடி, பாட்டுப் பாடிவிட்டு, துணி காயப்போடும் கொடிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதாள். இதை அவள் மறைப்பதில்லை. "அழுதேன். மூக்கு வீங்குற மாதிரி அழுதேன். யாரோட போர்வைன்னு தெரியாம ஒரு போர்வையில மூக்கைத் துடைச்சேன். பாவம், அந்தப் பொண்ணு திரும்பத் துவைச்சிருப்பா."

அடுத்தது அம்மாவிடம் சொல்லும் கட்டம். அம்மா பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. மகள் ஜோஹானஸ்பர்க் வக்கீலாகப் போகிறாள் என்று தேவாலயத்தில் எழுந்து நின்று அறிவித்து, எல்லோரையும் கைதட்ட வைத்திருந்தார். தவணையில் ஒரு கறுப்புக் கோட்டும் எடுத்து வைத்திருந்தார். ஹுலிசானி சமையலறை வாசலில் நின்றபடியே, "அம்மா, கிடைக்கல. ஒண்ணுகூட" என்றாள்.

அம்மா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. நிமிராமலே கேட்டார்: "அப்ப அந்தக் கோட்டை என்னடி பண்றது?"

"இருக்கட்டும்மா."

"குளிர் ஊருக்குன்னு எடுத்தேன். இங்க போட்டா வெந்துபோவ."

"வேகறேன். போடத்தான் போறேன்."

அம்மா கீரைத் தண்டுகளை வாரிக் குப்பையில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் யாரோ கேட்டதற்கு, "என் பொண்ணு எந்தக் கம்பெனின்னு இன்னும் முடிவு பண்ணல" என்றாராம். அந்தப் பொய்யை மகள் இன்றுவரை பெருமையோடு சொல்லிச் சிரிக்கிறாள்.

அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு, நெற்றியில் வியர்வை வழிய, ஊர் ஊராகப் போனாள். டாக்ஸியில் சன்னலோர இடத்துக்குச் சண்டை போட்டாள், கோட்டு கசங்கக் கூடாது என்று. ஒரு சட்ட அலுவலகம்கூட விடவில்லை: செருப்புக் கடைக்குப் பின்னால் இருந்தது, சவப்பெட்டி விற்பவர் பக்கத்தில் இருந்தது, பெயர்ப்பலகையில் பாதி எழுத்து உதிர்ந்துபோனது. எங்கும் ஒரே பதில். "தன்விவரத்தை வெச்சுட்டுப் போங்க, கூப்பிடறோம்." ஓரிடத்தில் மறுபடி போய்ப் பார்த்தபோது, வரவேற்பறையில் இருந்த பெண்ணின் குழந்தை அவளுடைய தன்விவரத்தின் பின்பக்கம் மாடு வரைந்திருந்தது.

"மாடு நல்லா இருந்துச்சு," என்கிறாள். "நான்தான் கேட்டேன், அதுக்கு ஏன் அஞ்சு கால்னு. அதுல ஒண்ணு வால்னு சொல்லுச்சு. சரி, எதிர்த்தரப்பு வாதத்தையும் கேட்டாச்சுன்னு வந்துட்டேன்."

அதன் பிறகுதான் அவள் கதவு தட்டுவதை விட்டுவிட்டு நீதிமன்றத்தில் போய் உட்கார ஆரம்பித்தாள். வேலை இல்லாத நேரத்தில் சண்டை பார்க்கலாம் என்றுதான் முதலில் போனது. வேடிக்கை பார்க்கப் பார்க்க ஒன்று புலப்பட்டது. வழக்குகள் நின்றுபோவது சட்டச் சிக்கலால் அல்ல. யாரோ ஒருவர் வராததால். சாட்சி வரவில்லை, கட்சிக்காரர் வரவில்லை, வக்கீல் பக்கத்து அறையில் வேறொரு வழக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறார். "வேலை காலி இருக்கான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். அது தப்பான கேள்வி. எங்க ஆள் வரலையோ அங்கதான் வேலை இருக்கு."

அங்கேதான் வழக்கறிஞர் மஷாம்பாவைப் பார்த்தாள். நாற்பது தாண்டிய பெண்மணி. தனி ஆளாகத் தொழில் செய்பவர். ஒரு நீதிமன்ற அறையில் வணங்கிவிட்டு, அங்கி பறக்க அடுத்த அறைக்கு ஓடி, மூச்சு வாங்க அங்கேயும் வணங்குவார். வெண்டாவில் மதிக்கப்படுகிறவர்கள் எல்லோருடைய பெயருக்கும் முன்னால் 'வோ' சேர்ப்பார்கள். கட்சிக்காரர்கள் "வோ மஷாம்பா! வோ மஷாம்பா!" என்று பின்னாலேயே ஓடுவார்கள்.

ஹுலிசானியும் ஓடினாள்.

"மேடம், பயிற்சிக்கு ஆள் வேணுமா?"

"வேணாம்."

"மேடம், அந்த ரெண்டாவது அறையில உங்க பேரைக் கூப்பிட்டாங்க. பாத்ரூம் போயிருக்காங்க, வந்துடுவாங்கன்னு சொல்லிவெச்சேன்."

மஷாம்பா நின்று முறைத்தார். "நான் பாத்ரூம் போனேன்னு யார்கிட்ட சொன்ன?"

"எழுத்தர்கிட்ட. நீதிபதிக்கும் கேட்டிருக்கும், என் குரல் கொஞ்சம் பெரிசு."

மறுபடி போனபோது, "என் அலுவலகத்துல நாற்காலி ரெண்டுதான். ஒண்ணு எனக்கு, ஒண்ணு கட்சிக்காரருக்கு" என்றார். "நான் நின்னுக்கறேன்" என்றாள். "சம்பளம் சொல்லிக்கற மாதிரி இருக்காது" என்றார். "இப்பவும் சொல்லிக்கற மாதிரி இல்லையே" என்றாள். மஷாம்பா சிரித்துவிட்டார். ஆனால் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரு ஆளைச் சேர்த்தால் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவள் செய்கிற தப்புக்குப் பதில் சொல்ல வேண்டும், அதற்கெல்லாம் மூச்சு இல்லை என்பது அவர் கணக்கு. அதில் நியாயம் இருக்கிறது என்று ஹுலிசானியே ஒத்துக்கொள்கிறாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஹுலிசானி மறுபடி கேட்கப் போனபோது, இறைச்சிக்கடைக்கு மேலிருந்த மஷாம்பா அலுவலகத்தின் மாடிப்படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலையில் துக்கத் துணி. பெயர் அவாஷோனி. ஹுலிசானி வழக்கம்போல, "யாரு வரணும் அக்கா?" என்று கேட்டாள்.

"யாரும் வரவேண்டாம். நான்தான் போகணும். விடமாட்டேங்கறாங்க."

அவளுடைய கணவன் பிளாட்டினம் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். நுரையீரல் நோயில் செத்துப்போனான். மறுநாள் காலை அடக்கம். கணவனின் தம்பிகள், இவள் முறைப்படி வீட்டுக்குள் அழைக்கப்பட்ட மனைவியே அல்ல, சும்மா கூட இருந்தவள், இவளும் இவள் பெண்களும் பந்தலுக்குள் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மஷாம்பா விடியற்காலையிலேயே அவசர மனு தயார் செய்திருந்தார்: யார் அடக்கம் செய்யும் உரிமையுள்ளவர் என்று முடிவாகும்வரை அடக்கத்தை நிறுத்த வேண்டும். மதியம் விசாரிக்கிறேன் என்று உயர் நீதிமன்ற நீதிபதி ஒப்புக்கொண்டார். அதற்குள் எதிர்த்தரப்பு கையில் தாள்கள் போய்ச் சேர வேண்டும். அவசரம் கருதி, நீதிமன்ற அமீனாவுக்குப் பதில் வழக்கறிஞரே ஆள் அனுப்பலாம் என்றும் அனுமதி கொடுத்தார். ஆள்தான் இல்லை. மஷாம்பாவுக்கு அதே நேரத்தில் இன்னொரு வழக்கு.

மஷாம்பா அறையைச் சுற்றிப் பார்த்தார். வாசலில் கறுப்புக் கோட்டு நின்றுகொண்டிருந்தது.

"உனக்கு ஓடத் தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"போய்க் கொடு. கையெழுத்து வாங்கு. வாங்கமாட்டேன்னா, என்ன தாளுன்னு சொல்லி அவங்க முன்னால வெச்சுட்டு வா. விளக்கிச் சொல்லணும், அது சட்டம். தாள்ல இல்லாததை ஒரு வார்த்தை பேசாத. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"அடிக்க வந்தா?"

"அதான் ஓடத் தெரியுமான்னு கேட்டீங்களே."

டாக்ஸி மலையடிவாரம் வரைதான் போகும். அங்கிருந்து செம்மண் ஏற்றம். மேலே வெள்ளைப் பந்தல் தெரிந்தது. விறகுப் புகை தெரிந்தது. முற்றத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, அடக்கத்துக்கு வருகிறவர்களின் சாப்பாட்டுக்காக முட்டைக்கோஸும் பீட்ரூட்டும் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். மூங்கில் வேலியருகே ஆண்கள் மாட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். கையில் கத்தியோடு நான்கைந்து பேர் நிமிர்ந்து பார்த்தபோது, ஹுலிசானியின் நடை பாதியில் நின்றது. திரும்பிவிடலாம் என்று நினைத்ததாகச் சொல்கிறாள். கோட்டுப் போட்ட, கையில் தாள் வைத்திருக்கிற பெண் யாரென்று சாவு வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"கோர்ட்டா?" என்று ஒருவன் கத்தினான். செத்தவனின் தம்பி. "அந்தப் பொம்பள அனுப்பினாளா? கொண்டா, அடுப்புல போடறேன்."

 ஹுலிசானி கோட்டைக் கழற்றி வேலியில் போட்டாள். செருப்பைக் கழற்றினாள். அந்த மண்ணிலேயே மண்டியிட்டு, பக்கவாட்டில் சாய்ந்து, உள்ளங்கைகளைச் சேர்த்து, தலையைத் தரைக்குத் தாழ்த்தி, "ஆ..." என்றாள். வெண்டாவில் பெண்கள் பெரியவர்களை வணங்கும் முறை அது. அப்படிக் கிடக்கிறவளை யாரும் எழுப்பித் துரத்த முடியாது. பதில் வணக்கம் சொல்லியே ஆக வேண்டும். பெண்கள் வட்டத்திலிருந்து ஒரு முதிய குரல் பதில் சொன்னது. செத்தவனின் அத்தை, வோ முன்யாய். வெண்டாக் குடும்பத்தில் அத்தை பேச்சுக்கு மேல் பேச்சு இல்லை.

"யாரு வீட்டுப் பொண்ணு நீ?"

"நெமுகுலா வீட்டுப் பொண்ணு, அத்தை. துக்கத்துக்கு நடுவுல வந்திருக்கேன், மன்னிக்கணும். கொண்டுவந்த சேதியை முழுசாச் சொல்லணும்னு உத்தரவு. சொன்னதுக்கப்புறம் அடிக்கறதுன்னா அடிச்சுக்கோங்க. சொல்றதுக்கு முன்னாடி அடிச்சா நான் திரும்பவும் வரணும், ஏத்தம் ரொம்ப செங்குத்து."

யாரோ ஒரு பெண் முட்டைக்கோஸுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். அத்தை சிரிக்கவில்லை. "இங்கிலீஷ்ல எழுதியிருக்குமே. எனக்கு என்ன தெரியும்? அவனுங்க படிச்சுச் சொல்லுவானுங்க."

"நானே சொல்றேன், அத்தை. ஒரு வரி விடாம."

சொன்னாள். ஆங்கிலத் தாளைப் பார்த்துக்கொண்டே, அடுப்படியில் பேசுகிற மொழியில். வழக்கு எண், தரப்பினர் பெயர் எல்லாம் விடாமல். தம்பிகள் குறுக்கே பேசினார்கள். அவள் நிறுத்தி, அவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அவாஷோனியின் வாக்குமூலம் வந்தது. நான் இந்த வீட்டுக்கு அழைத்துவரப்பட்ட அன்று, என் கணவரின் அத்தை என்னைக் கைபிடித்து அடுப்படிக்குக் கூட்டிப் போனார். களி கிண்டும் துடுப்பை என் கையில் கொடுத்து, இந்த வீட்டில் இனி பசி என்று யாராவது சொன்னால் அது உன் குற்றம் என்றார். என் கணவர் மருத்துவமனையில் கிடந்தபோது நான் அவரைக் குளிப்பாட்டினேன்; அத்தை தண்ணீர் ஊற்றினார். அவரை வேறிடத்தில் புதைக்க நான் கேட்கவில்லை. அவர் தாய் தந்தை பக்கத்தில்தான் அவர் கிடக்க வேண்டும். நானும் என் பெண்களும் குழியோரம் நிற்க வேண்டும்.

நறுக்குகிற சத்தம் நின்றிருந்தது.

வோ முன்யாய் கத்தியைத் தரையில் வைத்தார். பிறகு தம்பிகள் பக்கம் திரும்பி, "அவ பொணத்தைத் தூக்கிட்டுப் போகப் பாக்கறான்னு சொன்னீங்களேடா" என்றார்.

"அத்தை, அது வக்கீல் எழுதறது..."

"துடுப்பைக் கொடுத்தது எந்த வக்கீலு? நான் கொடுத்தேன். அதையும் பொய்யின்னு சொல்லச் சொல்லுவியா என்னை?"

பெரிய தம்பி ஏதோ முனகினான். அத்தை எழுந்து, கை கழுவி, தோளில் துணியைப் போட்டுக்கொண்டார். "வண்டியை எடு. அந்த நீதிபதியை நான் பார்க்கணும்." ஹுலிசானியைப் பார்த்து, "நீயும் ஏறு. அந்த ஏத்தத்துல இறங்கறது இன்னும் கஷ்டம்" என்றார்.

பின்புறம் திறந்த வண்டியில், காலியான பானைகளுக்கு நடுவே, அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஹுலிசானி வந்து இறங்கியதை மஷாம்பா நீதிமன்றப் படியிலிருந்து பார்த்தார். மனு விசாரணைக்கு வந்தபோது அத்தை குடும்பத்துக்காகப் பேசினார்; எதிர்ப்பதற்கு யாரும் இல்லை. அவாஷோனி மனைவி என்றும், அடக்கம் குறித்தபடி நடக்கும் என்றும், அவளும் பெண்களும் முன்வரிசையில் இருப்பார்கள் என்றும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டதை நீதிபதி உத்தரவாகப் பதிந்தார். வெளியே வந்து அத்தை அவாஷோனியின் முன்னால் நின்றார்.  அத்தை தன் தோள் துணியை எடுத்து அவள் தோளில் போட்டு, முடிச்சைச் சரி செய்தார்.

மஷாம்பா ஹுலிசானியைத் தனியே இழுத்தார்.

"தாள் கொடுத்துட்டு வான்னா, எதிர்த்தரப்பையே ஏத்திட்டு வந்திருக்க!"

"நான் ஏத்தல மேடம். அவங்கதான் என்னை ஏத்திட்டு வந்தாங்க."

"விளையாடாத. நாளைக்கு அந்தத் தம்பிங்க, என் ஆளு அந்தக் கிழவி மனசைக் கலைச்சிட்டான்னு புகார் எழுதினா என் தொழிலே போகும். தாள்ல இல்லாதது என்ன பேசின?"

"ஒரு வார்த்தை பேசல. தாள்ல இருந்ததை எல்லாம் பேசினேன். மத்தவங்க பாதியில நிறுத்திடுவாங்க போல."

மஷாம்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபம் முழுதாகப் போகவில்லை. அந்தக் கோபத்தோடேயே சொன்னார்: "திங்கட்கிழமை வா. நாற்காலி நீயே கொண்டு வா."

அவள் கொண்டுவந்தாள். அம்மா சமையல் செய்யும் பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட பிளாஸ்டிக் நாற்காலி, நீலம். டாக்ஸியில் அதற்கும் ஒரு ஆள் கட்டணம் கேட்டார்கள் என்று ஓட்டுநரோடு வழி நெடுகச் சண்டை. கடைசியில் அதை மடியில் கவிழ்த்து, தலையை அதன் கால்களுக்கு நடுவே விட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள். பயிற்சி ஒப்பந்தம் பதிவாகி வந்த அன்று அம்மா தேவாலயத்தில் மறுபடி எழுந்து நின்றார். எல்லோரும் மறுபடி கைதட்டினார்கள்.

குறைகள் நிறைய. கோப்புகளை எங்கேயாவது வைத்துவிட்டு வருவாள். ஒரு பக்கத்தில் முடிகிற கடிதத்தை மூன்று பக்கம் எழுதுவாள். மஷாம்பா சிவப்புப் பேனாவால் அடித்தடித்து அலுத்துவிட்டார். கட்சிக்காரரின் சண்டை சுவையாக இருந்தால் மதியச் சாப்பாடு ஆறிப்போகும் வரை கேட்பாள், அடுத்தவர் படியில் காத்திருப்பார். எதிர்த்தரப்புக் கதையையும் நியாயமாகச் சொல்லிக் காட்டி, சொந்தக் கட்சிக்காரரையே கலங்க வைப்பாள். "நீ யாரு பக்கம்மா?" என்று ஒரு மனிதர் கேட்டேவிட்டார். "உங்க பக்கம்தான். அதனாலதான் அவன் என்ன சொல்லுவான்னு இப்பவே சொல்றேன்."

லுஃபுனோ ஜோஹானஸ்பர்க்கிலிருந்து பேசுவாள். கண்ணாடிக் கட்டடத்தில் ஒப்பந்தங்களில் காற்புள்ளி சரிபார்க்கிறாளாம். இன்னும் ஒரு நீதிமன்றத்துக்குள்ளும் கால் வைக்கவில்லையாம். ஹுலிசானி அதைக் கேட்டு ஏளனம் செய்வதில்லை. "அதுவும் யாராவது பண்ணணும்டி. என்கிட்ட விட்டா காற்புள்ளிக்குப் பதிலா கதை எழுதிடுவேன்." பேசிவிட்டு வைக்கும்போது கொஞ்சம் பொறாமை வருகிறது என்றும் சொல்கிறாள். அங்கே குளிர்சாதனம் இருக்கிறது.

பயிற்சியில் இருப்பவர்களும் கீழ்நீதிமன்றத்தில் அங்கி போட்டு வாதாடலாம்; போன வாரம் அப்படி வாதாடிய ஒரு வழக்கில் தோற்றாள். வோ ரமுட்சூலி என்ற தையற்காரர். அவர் வாடகைக்கு இருந்த கடையின் உரிமையாளர் பூட்டுப் போட்டு அவரை வெளியே தள்ளிவிட்டார். அவள் பல நாள் மாலை உட்கார்ந்து தயாரித்த வழக்கு. நீதிபதி பொறுமையாகக் கேட்டு, ஆங்கிலத்தில் காரணம் சொல்லி, எதிர்த்தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். வெளியே உச்சி வெயில். தையற்காரர் நீதிமன்றத்தின் சிமெண்டுப் படியருகே வந்து நின்றார்.  தோற்றோம் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஏன் என்பது தெரியவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் வண்டியில் ஏறிப் போய்விட்டார். நீதிமன்ற வராந்தாவிலிருந்து மஷாம்பா, "ஹுலி, அடுத்த கட்சிக்காரர் வந்தாச்சு!" என்று கூப்பிட்டார்.

ஹுலிசானி படியைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. தோளிலிருந்து கறுப்பு அங்கியைக் கழற்றி, இரண்டாக மடித்து, படியில் விரித்து, மேலே இருந்த தூசியைத் தட்டிவிட்டு, உட்காருங்கள் என்று அவருக்குக் கை காட்டினாள். அவர் உட்கார்ந்த பிறகு, தீர்ப்புக் குறிப்புகளை மடியில் விரித்துக்கொண்டு, பக்கத்தில் வெறும் சிமெண்டில் தானும் உட்கார்ந்தாள்.